இழுத்துக்கிட்டானா, வச்சிருந்தானா?

நடுவர் ஐயாவுக்கும், ரெண்டு அணி நண்பர்களுக்கும், இந்த வாடைக்காத்துலயும் எந்திரிச்சுப் போகாம உட்கார்ந்திருக்கிற மண்டபத்து மக்களுக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். ரெண்டு ஆம்பளைங்களோட காதலைக் கடத்தல், கூலிப்படை, பழிவாங்கல்னு இருட்டுக்குள்ள வச்சுச் சொல்ற நாவல்கள் இருக்கு. அதுல வாசகரைக் கட்டிப்போடுறது அபாயமா, மெல்ல மெல்ல மூளுற காதலா? மெல்ல மூளுற காதல்தான்னு பேச வந்திருக்கேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் ஒரு போடு போட்டார், நீங்களும் கைதட்டினீங்க. "இவங்க கதை பழைய பாம்பன் பாலத்து ரயில் மாதிரி ஊருது. நாங்க ரோட்டுப் பாலத்துல பஸ்ஸுல போறவங்க. இவங்க காதல் கரை சேர்றதுக்குள்ள வாசகர் தூங்கிருவார்"னார்.

அண்ணே, ரோட்டுப் பாலம் 1988-ல திறந்தாங்க. அன்னையில இருந்து பஸ்ஸும் காரும் அதுல பறக்குது. ஆனா வெளியூர்க்காரங்க பாலத்து நடுவுல வண்டிய ஓரங்கட்டி, இறங்கி, கம்பியைப் பிடிச்சு நின்னு எதைப் பார்த்தாங்க? பக்கத்துப் பாலத்துல ஊர்ந்து போற ரயிலைப் பார்த்தாங்க! வேகமாப் போறவனும் வேகத்தை நிறுத்திட்டு ஊர்ந்து போறதைத்தான் வேடிக்கை பார்த்தான். காத்து 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினா சிக்னலே கிடைக்காத பாலம் அது. கீழ கடல் கிடக்குன்னு பஸ்ஸுல போறவனுக்கு உறைக்காதுண்ணே. ஊர்ந்து போறவனுக்குத்தான் அடிவயிறு கலங்கும். அபாயம் எங்களுடையதுன்னீங்களே, அந்த அபாயத்தை வாசகருக்குக் காட்டித் தர்றதே எங்க நிதானம்தான்.

ரயில்னு நீங்களே எடுத்துக் குடுத்துட்டீங்க. எங்க மதினி கதையைச் சொல்லாம இறங்க மாட்டேன்.

பழைய பாலத்துல வண்டி ஓடின காலம். மதினி ராமேஸ்வரம் போறாங்க, கையில போன், போன்ல நாவல். ஒருத்தன் கூலிப்படைத் தலைவன். இன்னொருத்தன் அவன் எதிரியோட தம்பி, பிடிச்சு அடைச்சு வச்சிருக்கான். 300 பக்கம் தாண்டியாச்சு. ஒரு நல்ல வார்த்தை கிடையாது. நடுவுல ஒருநாள் தலைவன் கதவைத் திறந்து, சாவியை உள்ளயே போட்டுட்டுப் போயிர்றான். போறவன் போகலாம். போகலை. அப்புறம் ஒரு ராத்திரி தலைவன் வெட்டுப்பட்டு வந்து விழுறான், அடைபட்டவன் துணியைக் கிழிச்சுக் கட்டுப் போடுறான். அப்ப ரயில் எங்க இருக்கு? தூக்குப் பாலத்துக்கிட்ட! மொத்தப் பெட்டியும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கடலைப் பார்க்குது. மதினி மட்டும் போனைப் பார்க்குறாங்க. பார்த்தவங்க அலறிட்டாங்க:

"தொட்டுட்டான்!"

யோசிச்சுப் பாருங்க ஐயா, நடுக்கடல்ல ரயிலு, ஒரு பொம்பளை "தொட்டுட்டான்"னு கத்துது. சன்னலோரம் இருந்தவர் "எதைம்மா தொட்டுச்சு?"ன்னு துள்ளி எந்திரிச்சார். மேல் படுக்கையில இருந்தவர் செருப்பைத் தேடுறார். கடலை விக்கிற பையன் கூடையை நெஞ்சோட கட்டிக்கிட்டான். ஒருத்தர் "எவன்டா தொட்டது?"ன்னு சட்டைக் கையை மடிக்கிறார். மதினி நடுங்கிப் போய், "கதையிலங்க, கதையில"ங்கிறாங்க.

எதிர்ல ஒரு ஆத்தா, மடியில மீன் கூடை. "என்ன கதை தாயி?" மதினி சொல்றாங்க, கத்தி, பூட்டு, சாவி, எல்லாம். ஆத்தா கேட்டுச்சு: "ரெண்டும் ஆம்பளையா?" மதினி மென்னு முழுங்கி "ஆமா"ன்னாங்க. பெட்டியே கப்சிப். ஆத்தா வெத்திலையை ஒதுக்கிக்கிட்டுக் கேட்டுச்சு பாருங்க ஒரு கேள்வி:

"சரி, கையை இழுத்துக்கிட்டானா, அப்படியே வச்சிருந்தானா?"

அவ்வளவுதாங்க! கத்தி எத்தனைன்னு கேக்கலை, செத்தது எத்தனை பேருன்னு கேக்கலை. கையை இழுத்துக்கிட்டானா, வச்சிருந்தானா? இருட்டுக் கதையோட உயிரே அந்தக் கேள்விதான். பலமுள்ளவன் பத்தாம் பக்கத்துலயே கையைப் பிடிச்சா அது பறிப்பு. கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தான் பாருங்க, அப்பத்தான் மத்தவனுக்கு மாட்டேன்னு சொல்ல இடம் கிடைக்குது. மாட்டேன்னு சொல்ல இடமிருந்தும் அவன் கையை வச்சிருந்தா, அது காதல். இந்த இடத்தைப் பக்கம் பக்கமா உழைச்சுத்தான் உண்டாக்கணும். குறுக்கு வழி கிடையாது.

நம்ம இலக்கணம் அஞ்சு திணைக்கு அஞ்சு ஒழுக்கம் வச்சது. அதுல கூடுறது ஒண்ணே ஒண்ணு. பிரியுறது, காத்திருக்கிறது, இரங்குறது, ஊடுறதுன்னு மிச்சம் நாலும் கூடாத நேரம். நம்ம நெய்தலுக்குக் குடுத்தது இரங்கல். காத்திருந்து கலங்குறதைக் காதலோட பெரும்பகுதின்னு எழுதி வச்ச மண்ணுல வந்து இழுவைன்னு சொல்றீங்களே அண்ணே!

இன்னொண்ணு. பாம்பன் ரயில் பாலம் திறந்தது 1914. அதே வருசம் இ.எம். ஃபார்ஸ்டர்ங்கிற ஆங்கில எழுத்தாளர் ரெண்டு ஆண்கள் காதலிச்சுக் கடைசியில சேர்ந்து வாழுற 'மாரிஸ்' நாவலை எழுதி முடிச்சார். அது இருட்டுக் கதை இல்லை, இருட்டு வெளியில இருந்துச்சு. சட்டம் குத்தம்னு சொன்ன காலம். அவர் 1970-ல காலமானார், நாவல் 1971-லதான் அச்சுல வந்துச்சு. நம்ம நாட்டுல இந்த உறவைக் குத்தமாக்கின தண்டனைச் சட்டம் 377-ஆம் பிரிவு 1860-ல வந்தது. மனசொத்த ரெண்டு பேர் உறவு குத்தமில்லைன்னு உச்ச நீதிமன்றம் சொன்ன நாள் 2018 செப்டம்பர் 6. இந்தக் காதல் மெதுவா வருதுன்னு சொல்றீங்களே, அதை வேகமா வர யாரு விட்டா?

எங்க சொந்தத்துல ஒரு தம்பி. பேரும் ஊரும் சொல்ல மாட்டேன், அது அவனுடையது. மதினி இந்த ரயில் கதையை ஒரு விசேஷ வீட்டுல சொல்லி, எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம். அவன் மட்டும் சிரிக்கலை. பாத்திரம் கழுவுற இடத்துக்கு வந்து மெதுவாக் கேட்டான்: "மதினி, ரெண்டும் ஆம்பளைன்னு சொன்னதும் அந்த ஆத்தா முகம் எப்படி இருந்துச்சு?"

நாவலைப் பத்திக் கேக்கலைங்க. ஆத்தா முகத்தைக் கேட்டான்.

மதினி கை ஈரத்தோட நின்னு சொன்னாங்க: "இறங்குற வரைக்கும் கதை கேட்டாங்கடா தம்பி. இறங்குறப்ப, 'ரெண்டு பிள்ளைகளும் நல்லா இருக்கட்டும்'னாங்க." அவன் தலையை ஆட்டிட்டுப் போயிட்டான். எங்ககிட்ட அவன் வாயைத் திறந்து சொல்ல அதுக்கப்புறமும் ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. பேச்சுப் பேச்சா எங்களைச் சோதிச்சுப் பார்த்து, கையை இழுத்துக்குவோமான்னு பார்த்து, அப்புறம் சொன்னான்.

அந்த ஒரு வருசம் இழுவையா அண்ணே? அந்த நாவல்களை அவன் ராத்திரி ராத்திரியா ஏன் படிக்கிறான்னு உங்களுக்குப் புரியுதா? தன்னைப் போலவே ஒருத்தன் பயந்து பயந்து கையை நீட்டுறதையும், மறுபக்கம் இருக்கிறவன் இழுத்துக்காம இருக்கிறதையும் பார்க்கத்தான் படிக்கிறான். வீட்டுப் பெரியவங்ககிட்ட அவன் இன்னும் சொல்லலை. சொல்ற அன்னைக்கு மதினி ஒரு பக்கம் நிப்பாங்க, நான் ஒரு பக்கம் நிப்பேன்.

மணி அடிச்சிட்டீங்க ஐயா. நன்றி, வணக்கம்.