ஊருக்குள்ள இவ்ளோ காலி எடம் கெடக்கு, டீமுக்கு ஸ்டேடியம் கட்ட மட்டும் ஏன் எடம் கிடைக்க மாட்டேங்குது?

சரி அடுத்த கேள்வி. அமெரிக்காவுல வேலை பாக்குற தம்பி ஒருத்தர் கேக்குறாரு, அண்ணே நான் இருக்குற ஊருக்கு புதுசா யுஎஸ்எல் லீக்ல ஆடுற ஃபுட்பால் டீம் வரப்போகுதுன்னு ரொம்ப நாளா நியூஸ் வருது, ஆனா ஸ்டேடியத்துக்கு எடம் முடிவாகலைன்னே சொல்லிட்டு இருக்காங்க, ஊருக்குள்ளயே எவ்ளோ எடம் சும்மா கெடக்கு, இல்லன்னா ஏதாவது காலேஜ் கிரவுண்டுல ஆடலாம், அதுவும் இல்லன்னா ஹைவே பக்கம் போயி கட்டலாம், இதுல அப்படி என்ன கஷ்டம்னு.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடறேன். மெஸ்ஸி ஆடுறாரே எம்எல்எஸ், அதுதான் அங்க முதல் டிவிஷன் லீக், அதுக்குக் கீழ ரெண்டாவது டிவிஷன் யுஎஸ்எல் சாம்பியன்ஷிப், அதுக்கும் கீழ யுஎஸ்எல் லீக் ஒன். இதுவரைக்கும் இங்கிலாந்து மாதிரி ஜெயிச்சு ஜெயிச்சு மேல வர்ற கதையெல்லாம் அங்க கெடையாது, காசு கட்டி உரிமை வாங்கித்தான் டீம் ஆரம்பிக்கணும். அதனால என்ன ஆகுதுன்னா ஓனர் ரெடியா இருப்பாரு, டீமுக்கு பேரு வச்சாச்சு, ஜெர்சி கலர் கூட முடிவாயிடுச்சு, ஆடுறதுக்கு எடம் மட்டும் இருக்காது.

முதல்ல காலேஜ் கிரவுண்ட் விஷயத்தைப் பாத்துருவோம். அமெரிக்க ஃபெடரேஷன் ரூல்படி ரெண்டாவது டிவிஷன் டீமுக்கு 5,000 சீட்டாவது இருக்கணும், மூணாவது டிவிஷன்னா 1,000 போதும். சீட்டு கூட சமாளிச்சிரலாம், தரைதான் சிக்கல். குறைஞ்சது 110 கெஜம் நீளம் 70 கெஜம் அகலம் வேணும். அங்க காலேஜ்ல இருக்குறதெல்லாம் அவங்க ஊரு ஃபுட்பால், அதான் ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஆடுவாங்களே, அந்த கிரவுண்ட் அகலம் 53 கெஜம் சொச்சம்தான். சுத்தி ஓட்டப்பந்தய டிராக் இருந்தா கொஞ்சம் அகலப்படுத்திக்கலாம், டிராக் இல்லாம கேலரிய ஒட்டிக் கட்டியிருந்தா கார்னர் கிக் அடிக்கிறவன் பின்னாடி ரெண்டு ஸ்டெப் போக எடம் இருக்காது, சுவத்துல முதுகு இடிக்கும். டிவில பாத்தா நம்ம கோடு ஒரு கலர்ல, அவங்க கோடு ஒரு கலர்ல, நடுவுல காலேஜ் பேரு வேற பெருசா எழுதியிருக்கும், பாக்கவே சகிக்காது.

சரி பேஸ்பால் ஸ்டேடியத்துல ஆடலாம்னா அங்க பந்து போடுறவன் நிக்கிற மேடு ஒண்ணு இருக்கும், அதை எடுக்கணும், செம்மண்ணு எடத்தையெல்லாம் புல்லு விரிச்சு மூடணும், நாலு நாள்ல பேஸ்பால் மேட்ச் வந்தா மறுபடி பழையபடி ஆக்கணும். லூயிவில் ஊரோட டீம் லூயிவில் சிட்டி, 2015ல ஆரம்பிச்சு 2019 வரைக்கும் இப்படி ஒரு பேஸ்பால் ஸ்டேடியத்துலதான் ஆடினாங்க. அதுல ஆடிக்கிட்டே 2017, 2018 ரெண்டு வருஷமும் கப் அடிச்சாங்க, அது வேற விஷயம். அப்புறம் பட்சர்டவுன் ஏரியாவுல பழைய தொழிற்சாலை நிலத்தை நகராட்சி காசு போட்டு வாங்கிக் கொடுத்துதான் 2020ல சொந்த ஸ்டேடியம் வந்துச்சு. எனக்குத் தெரிஞ்சு இதுவரைக்கும் ஒழுங்கா நடந்த கதைகள்ல அது ஒண்ணு.

ஒழுங்கா நடக்காதது எதுன்னா கலிஃபோர்னியாவுல இருக்குற ஓக்லாண்ட் ரூட்ஸ் டீம். இவங்க பாடு இருக்கே. 2019ல லேனி காலேஜ் கிரவுண்டுல ஆரம்பிச்சாங்க, ஊருக்கு நடுவுல இருக்கு, ரயில் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே வரலாம், கூட்டமும் நல்லா வந்துச்சு. 2021ல யுஎஸ்எல்லுக்கு வர்றாங்க, அந்த நேரம் பாத்து புதுசா போட்ட செயற்கைப் புல் தரை சரியில்லன்னு ஆயி, சீசன் ஆரம்பத்துல லிவர்மோர்ல இருக்குற வேற ஒரு காலேஜுக்குப் போனாங்க, அது அம்பது கிலோமீட்டர் கிட்ட தள்ளி. திரும்பி வந்து ஆடினாங்க, மறுபடி 2023, 2024 ரெண்டு சீசன் ஹேவர்ட்ல யுனிவர்சிட்டி கிரவுண்டு, அதுவும் பக்கத்து ஊரு. டீம் பேரு ஓக்லாண்டு, அதுவும் ஓக்லாண்டுதான் முக்கியம்னு சொல்லியே ரசிகர்களைச் சேர்த்த டீம், ஓக்லாண்டுல ஆட எடம் இல்ல. நடுவுல கொலிசியம்னு ஊர்ல இருக்குற பெரிய ஸ்டேடியம் பக்கத்துல மலிபு லாட்னு ஒரு காலி எடத்துல தற்காலிக ஸ்டேடியம் போடறோம்னு பிளான் போட்டாங்க, அது அரசு நிலம், ஒரு ஆள்கிட்ட கையெழுத்து வாங்கினா முடிஞ்சிதுன்னு கெடையாது, சிட்டி, கவுண்டி (நம்ம ஊரு மாவட்டம் மாதிரி), கவுன்சில் மீட்டிங்னு இழுத்துக்கிட்டே போச்சு. கடைசில எப்படி எடம் கிடைச்சுது தெரியுமா, ரெய்டர்ஸ்னு அந்த ஹெல்மெட் ஃபுட்பால் டீம் ஊரை விட்டுப் போயாச்சு, 2024 சீசனோட ஏஸ் பேஸ்பால் டீமும் போயிருச்சு, ரெண்டு பேரும் வேணாம்னு விட்டுட்டுப் போன அதே கொலிசியம் இவங்களுக்குக் கிடைச்சுது. 1966ல திறந்த ஸ்டேடியம், பழசுன்னு எல்லாரும் திட்டுவாங்க, 2025 மார்ச்ல ரூட்ஸ் அங்க ஆடின முதல் ஹோம் மேட்சுக்கு 26,575 பேர் வந்தாங்க. ரெண்டாவது டிவிஷன் மேட்சுக்குங்க! ஊருக்குள்ள இருந்தா எத்தனை பேர் வருவான்னு அந்த ஒரு நாள்ல தெரிஞ்சு போச்சு.

இப்ப தம்பி கேட்ட முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், ஊருக்குள்ள காலி எடம். என்னைக் கேட்டா, டவுனுக்கு நடுவுல, ஆத்தோரமா, பத்து பன்னெண்டு ஏக்கர் யாருமே தொடாம கெடக்குதுன்னா முதல்ல சந்தோஷப்படக் கூடாது, சந்தேகப்படணும். இத்தனை வருஷமா அங்க எவனும் ஒரு கடை கூட கட்டலைன்னா சும்மாவா விட்டிருப்பான்? நம்ம ஊர்ல மனை வாங்கும்போது வில்லங்கம் போட்டுப் பாக்குறோம்ல, அங்க வில்லங்கம் பேப்பர்ல இருக்காது, மண்ணுக்குள்ள இருக்கும்.

இதுக்கு இண்டியானாபோலிஸ் கதைதான் சரியான சாட்சி. இண்டி இலெவன் டீம் 2014ல இருந்து ஆடுது, காலேஜ் கிரவுண்டுலதான். நடுவுல 2018ல இருந்து மூணு வருஷம் லூக்காஸ் ஆயில் ஸ்டேடியத்துல ஆடிப் பாத்தாங்க, அது அறுபதாயிரம் பேருக்கு மேல உக்கார்ற எடம், பத்தாயிரம் பேரு வந்தாலும் காலியா தெரியும், அதனால திரும்ப காலேஜுக்கே வந்தாச்சு. சொந்த ஸ்டேடியத்துக்கு ஓனர் புடிச்ச எடம் டயமண்ட் செயின்னு ஒரு பழைய ஃபேக்டரி, ரைட் சகோதரர்கள் விமானத்துக்கு செயின் செஞ்ச கம்பெனி அது. டவுன்டவுன் ஓரம், ஒயிட் ரிவர் கரை, இதை விட நல்ல எடம் கிடைக்குமா? 20,000 சீட்டு ஸ்டேடியம், பக்கத்துல அபார்ட்மெண்ட், ஹோட்டல், ஆபீஸ்னு பெரிய பிளான், 2023 மே மாசம் மண்வெட்டி புடிச்சு போட்டோ எல்லாம் எடுத்தாச்சு.

ஆனா அந்த ஃபேக்டரிக்கு அடியில இருக்குறது கிரீன்லான் கல்லறை. 1821ல, அந்த ஊர் உருவான காலத்துல தொடங்குன இடுகாடுங்க அது. பின்னாடி கிரவுன் ஹில்னு பெரிய கல்லறை வந்தப்ப நெறைய உடல்களை அங்க மாத்தினாங்க, ஆனா எல்லாத்தையும் மாத்தல. வசதியான குடும்பத்துக்காரங்க எடுத்துட்டுப் போவாங்க, ஏழைங்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் யாரு எடுத்து மாத்துவா? அதுக்கு மேலயே 1914ல ஒரு பேஸ்பால் மைதானம் கூட போட்டாங்க, அப்புறம் ஃபேக்டரி. இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்ல, ஊரு வரலாறு தெரிஞ்சவங்க ஆரம்பத்துல இருந்தே சொல்லிட்டுதான் இருந்தாங்க. தோண்ட ஆரம்பிச்சா எலும்பு வருது. உடனே தொல்லியல் ஆளுங்க வரணும், அவங்க கையால கொஞ்சம் கொஞ்சமா மண்ணைச் சுரண்டித்தான் எடுப்பாங்க, ஜேசிபி விட முடியாது, வாரிசுங்க மரியாதையா செய்யுங்கன்னு கேக்குறாங்க, நியாயம்தானே. கடைசில 2024 ஏப்ரல்ல மேயர் ஜோ ஹாக்செட் வேற பக்கம் திரும்பிட்டாரு, டவுன்டவுன்ல ஹெலிகாப்டர் இறங்குற தளம் பக்கத்துல வேற எடம், அதுவும் எம்எல்எஸ் டீமுக்குன்னு அறிவிச்சுட்டாரு. இண்டி இலெவன் நிலைமை என்ன ஆச்சு, 2025லயும் அதே காலேஜ் கிரவுண்டுதான்.

கல்லறை எல்லா ஊர்லயும் இருக்காது, ஆனா விஷ மண்ணு நெறைய ஊர்ல இருக்கு. அயோவால டெ மாயின்னு ஊரு, அங்க ஸ்டேடியத்துக்குன்னு பாத்த டைகோ எடம் பல வருஷமா மத்திய அரசோட மாசு நில லிஸ்ட்ல இருந்த எடம். ரோட் ஐலண்டுல பாட்டக்கெட்ங்கிற ஊர்ல ஸ்டேடியம் வந்தது பழைய கேஸ் தயாரிக்கிற ஆலை இருந்த ஆத்தங்கரை நிலத்துல. இந்த மாதிரி எடத்துல மண்ணை மாத்தணும், மேல மூடி போடணும், அதுக்கு யாரு காசு கொடுக்கறதுன்னு வக்கீல் வச்சு சண்டை போடணும், வருஷம் ஓடிரும்.

ஹைவே பக்கம் கட்டலாமேங்கிறது கேக்க நல்லாத்தான் இருக்கு. சிகாகோ ஃபயர் எம்எல்எஸ் டீம், பெரிய டீமு, அவங்களே 2006ல பிரிட்ஜ்வியூங்கிற புறநகர்ல போயி கட்டினாங்க, ஆளுங்க அவ்ளோ தூரம் வரல, 2020ல சிட்டிக்கே திரும்ப வந்துட்டாங்க, அந்தச் சின்ன ஊருதான் கடனோட நின்னுச்சு. கொலராடோ ஸ்பிரிங்ஸ் டீமும் ஊரு ஓரத்துல ஆடிட்டு இருந்தவங்க, 2021ல டவுன்டவுன்ல 8,000 பேர் உக்கார்ற ஸ்டேடியம் கட்டி உள்ள வந்துட்டாங்க. காரணம் சிம்பிள், சீசனுக்கு ஹோம் மேட்ச் 15, 17 அவ்ளோதான், மீதி நாளெல்லாம் பூட்டியே கெடக்கும். டிக்கெட் காசுல ஸ்டேடியம் கடன் அடையாது. அதனாலதான் ஓனருங்க சுத்தி கடை, வீடு, ஹோட்டல்னு கட்டப் பாக்குறாங்க, அது ஹைவே ஓரத்துல ஓடாது. சில ஓனருக்கு டீமே அந்த ரியல் எஸ்டேட்டுக்காகத்தானோன்னு எனக்கு டவுட்டு உண்டு, சொன்னா கோவம் வரும்.

பாட்டக்கெட் கணக்கு மட்டும் சொல்லிடறேன், ஸ்டேடியத்துக்கு கைக்கு வந்த பப்ளிக் பணம் சுமார் 27 மில்லியன் டாலர், அதுக்கு கடன் பத்திரம் போட்டதுல 30 வருஷத்துல வட்டியோட திருப்பிக் கட்ட வேண்டியது 132 மில்லியன் கிட்ட. 10,500 பேர் உக்கார்ற ஸ்டேடியம், 2025 மே மாசம் திறந்தாச்சு, பாக்க அழகா இருக்கு, அதுல குறை சொல்ல மாட்டேன். டீம் ஆரம்பிச்ச முதல் சீசன் 2024, அதை அவங்களும் ஒரு யுனிவர்சிட்டி கிரவுண்டுலதான் ஓட்டினாங்க.

அதனால தம்பி, உங்க ஊர்ல எடம் முடிவாயிடுச்சுன்னு கலர் படம் போட்டு அறிவிச்சா படத்தைப் பாக்காதீங்க. நிலம் இப்ப யாரு பேர்ல இருக்கு, மண்ணு பரிசோதனை ரிப்போர்ட் வந்தாச்சா, கடன் பத்திரத்துக்கு யாரு ஜவாப்தாரி, சொந்த ஸ்டேடியம் வர்ற வரைக்கும் எங்க ஆடப்போறாங்க, இந்த நாலையும் கேளுங்க. சிட்டி கவுன்சில் மீட்டிங்ல பொதுமக்கள் பேசுறதுக்குன்னு நேரம் ஒதுக்குவாங்க, போயி மைக்கை புடிச்சுக் கேக்கலாம், விசா எல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க, பயப்படாதீங்க. சரி, அடுத்தது யாரோ ஆஃப்சைடு பத்தி கேட்டிருந்தாங்க, அதுக்குப் போவோம்.