குழம்புத் தூளில் எவ்வளவு மருந்து?

(தருமபுரியில் மகளிர் குழுவினரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

மஞ்சள் புற்றுநோயைத் தடுக்கும், வெந்தயம் சர்க்கரையை இறக்கும், பட்டை கொழுப்பைக் கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வராத நாள் இல்லை. அதையே மேடையிலும் சொல்லிக் கைதட்டு வாங்கிவிடலாம். இன்றைக்கு நாம் கணக்குப் போடுவோம். உங்கள் வீட்டு அளவு வேறாக இருந்தால் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

குழம்பு மிளகாய்த் தூளுக்கு மல்லி ஒரு கிலோ, மிளகாய் அரைக் கிலோ, துவரம்பருப்பு, சீரகம், மஞ்சள் தலா 100 கிராம், மிளகும் வெந்தயமும் தலா 50 கிராம். மொத்தம் 1,900 கிராம். நாலு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு மூன்று டீஸ்பூன் போடுகிறீர்கள் என்றால் சுமார் 9 கிராம். அதில் மஞ்சள் அரை கிராம்கூட இல்லை. பருப்பு வேகும்போது தனியாகப் போடும் கால் டீஸ்பூனையும் சேர்த்தால் 1.2 கிராம் வரும். மஞ்சளில் குர்குமின் என்ற சத்து நூற்றுக்கு மூன்று பங்கு என்று வைத்துக்கொண்டால் 36 மில்லிகிராம். தலைக்கு 9 மில்லிகிராம்.

மூட்டுவலி போன்றவற்றுக்குக் குர்குமின் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலும் நாளுக்கு 500 முதல் 1,500 மில்லிகிராம் வரை கொடுக்கிறார்கள். நம் குழம்பு அதில் ஐம்பதில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. அந்த ஆய்வுகளின் பலனை நம் அடுப்புக்கு எழுதி வைப்பது தப்புக் கணக்கு.

‘மிளகு சேர்த்தால் மஞ்சளின் சத்து இருபது மடங்கு உடம்பில் ஏறும்’ என்பதும் பாதிக் கதைதான். 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் வெளியிட்ட ஆய்வு அது. இரண்டு கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகின் காரச் சத்து, கொடுத்தார்கள். ரத்தத்தில் குர்குமின் இருபது மடங்கு ஏறியது உண்மை. ஆனால் மிளகு இல்லாதபோது ரத்தத்தில் இருந்ததே அனேகமாக ஒன்றுமில்லை; ஏறியதும் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கத் தொடங்கிவிட்டது.

இதைப் பார்த்துவிட்டு, பைப்பரின் சேர்த்த மஞ்சள் மாத்திரை வாங்கி விழுங்குகிறவர்கள் கொஞ்சம் நிதானியுங்கள். 2019இல் இத்தாலியில் இப்படிப்பட்ட மாத்திரை சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் வீங்கி, அரசாங்கமே எச்சரிக்கை விட்டது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. உடம்பு மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் வேகத்தைப் பைப்பரின் குறைத்துவிடும். அதனால் மற்ற மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறும். ரசத்தில் போடும் மிளகுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

அப்படியானால் குழம்பில் மசாலா வீணா? இல்லை. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் மஞ்சளை வேகவைத்து அளந்தார்கள். சமைக்கும்போது குர்குமின் 27 முதல் 53 சதவீதம் வரை போய்விட்டது. குக்கரில் பத்து நிமிடம் வைத்ததில்தான் நட்டம் அதிகம். புளி சேர்ந்திருந்தபோது நட்டம் 12 முதல் 30 சதவீதமாகக் குறைந்தது. புளிக்குழம்பு வைக்கிற நமக்கு இது நல்ல சேதி. ஆகவே பருப்போடு குக்கரில் போடும் மஞ்சளை நிறுத்திவிட்டு, தாளிப்பில் வெங்காயம் வதங்கியதும் எண்ணெயிலேயே போட்டு, உடனே புளிக்கரைசலை ஊற்றுங்கள். குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதற்காக எண்ணெயைக் கூட்ட வேண்டாம். தாளிக்கிற இரண்டு ஸ்பூன் போதும்.

களி சாப்பிடும் ஊருக்கு இன்னொன்று முக்கியம். கேழ்வரகில் இரும்பு உண்டு. அதிலேயே உள்ள துவர்ப்புச் சத்து அந்த இரும்பைக் குடலில் இறங்க விடாமல் பிடித்துக்கொள்ளும். தானியத்தோடும் பருப்போடும் பூண்டும் வெங்காயமும் சேரும்போது இரும்பும் துத்தநாகமும் கூடுதலாக விடுபடுகின்றன என்று அதே மைசூர் நிலையம் ஆய்வகத்தில் அளந்து காட்டியிருக்கிறது. தாய்லாந்தில் பெண்களிடம் அளந்தபோது, மிளகாய் இரும்பு உறிஞ்சுவதை 38 சதவீதம் குறைத்தது, மஞ்சள் குறைக்கவில்லை. எனவே ரத்தசோகை உள்ள பெண்ணுக்குக் களியோடு ஊற்றும் கீரைக் குழம்பில் பூண்டைத் தாராளமாகப் போட்டு, காரத்தைக் குறையுங்கள். பக்கத்தில் ஒரு நெல்லிக்காய். அதியமான் ஊரில் அதைச் சொல்லித் தரத் தேவையில்லை.

வெந்தயத்துக்கு வருவோம். சர்க்கரை நோயாளிகளிடம் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் செய்த சோதனைகளில் நாளுக்கு 25 கிராம் முதல் 100 கிராம் வரை வெந்தயப் பொடி கொடுத்தார்கள். நம் குழம்புத் தூளிலிருந்து தலைக்குக் கிடைப்பது 0.06 கிராம். பலன் வேண்டுமென்றால் அதை மசாலாவாகப் போடாமல் உணவாகச் சாப்பிட வேண்டும். முதலில் ஒரு டீஸ்பூன், நாலு கிராம், இரவில் ஊறவைத்துக் காலையில் விதையோடு மென்று சாப்பிடுங்கள். ஊறிய தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு விதையைக் கொட்டுகிறவர்கள் உண்டு. சர்க்கரையை மெதுவாக ஏறவிடும் வழவழப்பான நார்ச்சத்தில் பெரும்பகுதி விதையில்தான் இருக்கிறது. முதல் நாளே மூன்று ஸ்பூன் போட்டால் வயிறு உப்பும், பேதியாகும். இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். வெல்லம் போட்ட வெந்தயக் களி இந்தக் கணக்கில் சேராது.

பட்டையைப் பற்றிச் சுருக்கமாக. கடையில் மலிவாகக் கிடைக்கும் தடித்த, கெட்டியான பட்டை கேசியா. அதில் உள்ள கூமரின் அதிகமானால் கல்லீரலைக் கெடுக்கும். 60 கிலோ எடையுள்ளவர் தினமும் ஒரு டீஸ்பூன் பொடியை வெந்நீரில் கலந்து குடித்தாலே ஐரோப்பிய வரம்பான 6 மில்லிகிராமைத் தொட்டுவிடலாம். கறிக்குழம்பில் போடும் இரண்டு துண்டால் ஒன்றும் ஆகாது.

நன்மையைத் தேடும் அக்கறையில் பாதியைப் பொருள் வாங்குவதில் காட்டுங்கள். மிளகாயில் பத்துக் காயை எடுத்துப் பிளந்து பாருங்கள். உள்ளே சாம்பல் நிறப் பூசணம் தெரிந்தால் அந்த மூட்டையே வேண்டாம். அதில் வரும் அஃப்ளாடாக்சின் நஞ்சு வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் முழுதாகப் போகாது. நாள்பட்டால் கல்லீரல் புற்றுநோய்க்கு வழி. மில்லில் அரைத்த தூள் சுடச்சுட இருக்கும்போதே டப்பாவில் அடைத்தால் உள்ளே வேர்த்துக் கட்டி பிடிக்கும், பூசணமும் வரும். தாம்பாளத்தில் பரப்பி, முழுக்க ஆறிய பிறகு மூடுங்கள். இரண்டு மாதத்துக்குமேல் அரைத்து வைக்காதீர்கள், வாசனை எண்ணெய் பறந்துவிடும்.

மஞ்சளில் பளபளப்புக்கு மயங்காதீர்கள். பங்களாதேஷில் நிறத்துக்காக லெட் குரோமேட் பூசியதை 2019இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதில் இருப்பது ஈயம், குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். ஈரமான வெள்ளைத் துணியில் கிழங்கைத் தேய்த்துப் பாருங்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் ஒட்டினால் சந்தேகப்பட வேண்டும். ஒட்டாவிட்டால் ஈயம் இல்லை என்று பொருளல்ல. அதை ஆய்வகம்தான் சொல்லும். அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் விளைவித்து வேகவைக்கிறவர்களிடம் மெருகு ஏற்றாத கிழங்காகக் கேட்டு வாங்குவது நமக்கு எளிது.

கடைசியாகப் புளி. தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துச் சரக்கு. நம் நிலத்தடி நீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு அதிகம் என்பதற்காகத்தானே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது! ஹைதராபாத்தில் சிறுவர்களுக்குத் தினம் 10 கிராம் புளி கொடுத்தபோது சிறுநீரில் ஃப்ளோரைடு கூடுதலாக வெளியேறியது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் கவனிக்கத்தக்கது. இதைக் கேட்டுவிட்டு, புளி இருக்கிறதே என்று போர் தண்ணீரில் சமைக்காதீர்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைப் புளி நல்லதாக்காது. கொதிக்கவைத்தால் தண்ணீர் சுண்டி ஃப்ளோரைடு இன்னும் அடர்த்தியாகும். பல வீடுகளில் ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்கிறார்கள், களியைப் போர் தண்ணீரில் கிண்டுகிறார்கள். ஒரு பங்கு மாவு இரண்டு மூன்று பங்கு தண்ணீரைக் குடிக்கிறது. அதிலுள்ள ஃப்ளோரைடு முழுக்க வயிற்றுக்குத்தான் போகிறது.

புளியில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சாலில் அடைக்கும்போது பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கல்லுப்பு போட்டிருந்தால், எலுமிச்சை அளவு, 25 கிராம் புளியில் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். ஒருவருக்கு நாள் முழுவதற்கும் ஐந்து கிராம்தான் வரம்பு. ரத்தக் கொதிப்பு உள்ளவர் வீட்டில் புளியைக் கரைத்து, நாக்கில் வைத்துப் பார்த்த பிறகு உப்பு டப்பாவைத் திறங்கள்.