ஊசி போகும் வழி

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடிப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். மருத்துவக் கழிவு பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். அந்தப் பேச்சை எடுத்தாலே எனக்கு ஓர் அக்காவின் கைதான் கண்ணில் நிற்கிறது.

நான் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் அவர்தான் வார்டு பெருக்குவார். ஒரு நாள் குப்பைப் பையின் வாயைச் சுருட்டித் தூக்கியவர், சட்டென்று கையை உதறினார். உள்ளங்கையில் கடுகளவு ரத்தம். சாப்பாட்டு இலைக்கு அடியில் ஊசி ஒன்று கிடந்திருக்கிறது. யாருக்குப் போட்ட ஊசி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆறு மாதம் அவருக்கு ரத்தப் பரிசோதனை நடந்தது. கடைசியில் ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் அந்த ஆறு மாதமும் அவர் பேரனுக்கு ஒரு முத்தம் கொடுக்கவில்லை. கொடுக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, பயம்தான்.

2016-இல் வந்த மத்திய அரசின் விதிகள் கேட்பது இதைத்தான்: கழிவு உண்டாகிற இடத்திலேயே பிரித்துவிட வேண்டும். ரத்தம் பட்ட பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் பையில். டிரிப் குழாய், கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்சு எல்லாம் சிவப்பில். மருந்துக் குப்பி, கண்ணாடி நீலத்தில். ஊசி, பிளேடு மட்டும் குத்தினாலும் துளையாத வெள்ளை டப்பாவில். ஊசி போட்ட கையே அதை டப்பாவில் போட வேண்டும். 'அப்புறம் பிரிக்கலாம்' என்றால், பிரிப்பது இன்னொருத்தர் கை.

பை முக்கால் நிறைந்ததும் கட்டிவிடுங்கள். நாய், பூனை நுழையாத, பூட்டுகிற அறையில் வையுங்கள். சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பல ஆஸ்பத்திரிகளின் மருத்துவக் கழிவைச் சுத்திகரிக்கிற பொது நிலையத்தின் வண்டி வந்து எடுத்துப் போகும். கொல்லையில் எரிப்பதும் புதைப்பதும் வேண்டவே வேண்டாம்.

சரி, வீட்டுக்கு வருவோம். எனக்கு இங்கேதான் கவலை அதிகம். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, இங்கே பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிகள் எத்தனை பேர்! சர்க்கரைக்குத் தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள். போட்ட ஊசி காய்கறித் தோலோடு வாசலுக்குப் போகிறது. சில இடத்தில் ஊருணிக் கரையில் கிடக்கிறது. முகப்பு, பட்டாலை, இரண்டாங்கட்டு என்று ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்கிக் கட்டிய வீடுகள் இவை. ஊசிக்கும் ஓர் இடம் ஒதுக்கலாமே ஆச்சி. துணி சோப்புத் திரவம் வருகிற கெட்டியான பாட்டில் போதும். 'ஊசி' என்று பெரிதாக எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். முக்கால் நிறைந்ததும் மூடியைத் திருகி, டேப் ஒட்டி, குப்பை வாங்க வருகிறவர் கையில் தனியாகக் கொடுங்கள். வீட்டு மருத்துவக் கழிவைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று அதே விதிகளிலும் இருக்கிறது.

யாருக்காவது ஊசி குத்திவிட்டால் அழுத்திப் பிசைய வேண்டாம், வாயில் வைத்து உறிஞ்ச வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஹெச்ஐவி வராமல் தடுக்கும் மாத்திரை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் தரும், சீக்கிரம் தொடங்குவது இன்னும் நல்லது. ரத்தம் வழியாகத் தொற்றி ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசியே இருக்கிறது. குப்பை அள்ளுகிறவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், இந்த வாரமே போய்க் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.