வேடியப்பன் கல்லில் என்ன எழுதியிருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். ஒரு சின்ன ஊரில் வரலாற்றுக் குழு வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள், அதில் ஊர்க்காரர்களுக்கு என்ன வேலை என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் இருப்பது செங்கம் பக்கம். அங்கே ஊர் வரலாறு என்றால் முதலில் நடுகல்தான், சண்டையில் இறந்தவனுக்கு ஊர் நட்ட கல், அதனால் நேராக அதற்கே வந்துவிடுகிறேன்.

திருவண்ணாமலையிலிருந்து செங்கம், சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரி போகும் சாலையில் நீங்கள் போயிருப்பீர்கள். சாலையை விட்டு இறங்கி உள்ளே போனால், ஏரிக்கரையிலோ புளியமரத்தடியிலோ கரம்புக் காட்டின் நடுவிலோ ஒரு பலகைக்கல் நின்றுகொண்டிருக்கும். முன்னால் சூலம் நட்டிருப்பார்கள், சில இடங்களில் மண் குதிரை இருக்கும், கல்லின் மேல் மஞ்சளும் எண்ணெயும் ஏறிக் கருத்துப் போயிருக்கும். கேட்டால் வேடியப்பன் என்பார்கள். எங்கள் பக்கத்தில் வேடியப்பன் என்று பெயர் வைத்துக்கொண்ட ஆட்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். அந்தக் கல்லைக் கொஞ்சம் நின்று பார்த்தால், ஒரு கையில் வில்லும் இன்னொரு கையில் வாளும் பிடித்த ஓர் ஆள் தெரிவான், சிலவற்றில் அவன் மேல் அம்பு தைத்திருக்கும், காலருகே ஒரு கெண்டி இருக்கும், சிலவற்றில் மாடும் இருக்கும். தலைக்கு மேலே கோழி கிளறியது போல நாலைந்து வரி. அதுதான் வட்டெழுத்து, தமிழின் பழைய எழுத்து வடிவங்களில் ஒன்று.

இந்த வட்டாரத்து நடுகற்களை மாநிலத் தொல்லியல் துறை 1970-களின் தொடக்கத்தில் ஊர் ஊராகப் போய்த் தேடிப் படியெடுத்தது. பல்லவர் காலத்துக் கற்கள் அதில் வரிசையாக வந்தன. சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன் என்று ஆட்சியாண்டு போட்டு எழுதியவை. மண்டகப்பட்டுக் குகைக் கோயிலுக்கு மகேந்திரவர்மனைத் தேடிப் போகிறோம் இல்லையா, அதே மகேந்திரவர்மன் பெயர் இங்கே ஆடு மேய்க்கிற காட்டில் நிற்கிறது. ஆனால் இந்தக் கற்களில் அரசன் பெயர் தேதி போடுவதற்கு மட்டும்தான். செய்தி முழுக்க இன்னொருவனைப் பற்றியது.

எடத்தனூர்க் கல்லைச் சொல்கிறேன். மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. வாணகோ அரைசர் என்ற தலைவரின் மருமக்கள் பொற்றொக்கையார், அவருடைய இளமகன் கருந்தேவகத்தி, தன் எருமைகளைக் காக்கப் போய் இறந்தான். இவ்வளவுதான் கல் சொல்கிறது. ஆனால் அவனோடு ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள், அதற்கென்று தனியாக ஒரு வரியும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று. 1400 வருடமாகியும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது! எத்தனையோ பெரிய மனிதர்களின் பெயர் தெரியாமல் போன காலத்தில் ஊர்க்காரர்கள் ஒரு நாயின் பெயரை மறக்கக் கூடாது என்று சிற்பியிடம் சொல்லி வெட்ட வைத்திருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சண்டைக்கோழிக்கே கல் இருக்கிறது, சுமார் 5-ஆம் நூற்றாண்டு எழுத்தில், முகையூர் மேற்சேரிக்காகச் சண்டையிட்டு இறந்த கோழி என்று.

அந்தக் காலத்தில் செல்வம் என்றால் மாடுதான். ஒருவன் இன்னொருவனோடு பகை தொடங்குகிறான் என்றால் முதலில் அவன் மாட்டை ஓட்டிக்கொண்டு போவான். எங்கள் பகுதி பல்லவர், கங்கர், வாணர் என்று பல கைகளுக்கு நடுவில் கிடந்த எல்லை நிலம், ஜவ்வாது மலையும் தென்பெண்ணையும் காடும் மேய்ச்சலுமாக. அதனால் தொறு, அதாவது மாட்டு மந்தை, கவர்ந்தார்கள், தொறு மீட்டார்கள், மீட்கப் போனவன் பட்டான் என்று கல் மேல் கல்லாக அதே கதை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த தமிழி (தமிழ் பிராமி) எழுத்து நடுகற்களிலும் ஒன்று ஆகோள் பூசலைத்தான், அதாவது மாடு கவரும் சண்டையைத்தான் சொல்கிறது, அவை கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்தவை.

எங்கள் ஊருக்கு இன்னொரு பெருமை உண்டு, இதைச் சொல்லாமல் போக எனக்கு மனசு வராது. பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டான மலைபடுகடாம் பாடுவது செங்கண்மாவை ஆண்ட நன்னனை. செங்கண்மா என்பது இந்தச் செங்கம்தான். பரிசு வாங்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லிக்கொண்டே வருகிற புலவர் ஓரிடத்தில், பெயர் பொறித்து நட்ட கற்கள் நிற்கும் கவர்வழிகள் எண்ண முடியாத அளவுக்கு உண்டு என்கிறார். வழி பிரிகிற இடமெல்லாம் நடுகல். நமக்குக் கிடைத்திருக்கும் பல்லவர் காலக் கற்கள் அந்தப் பாட்டுக்குப் பல நூற்றாண்டு பிந்தியவைதான், ஆனால் அதே காட்டில் அதே பழக்கம் தொடர்ந்திருக்கிறது. செங்கம் ரிஷபேசுவரர் கோயில் கல்வெட்டு ஒன்றிலும் நன்னனும் அந்தப் பாட்டும் வருகின்றன. இலக்கியமும் கல்வெட்டும் நடுகல்லும் ஒரே ஊரில் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்பது எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை.

சரி, குழு என்ன செய்கிறது? ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பிவிடுவோம். பள்ளிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், மளிகைக் கடைக்காரர், ஓய்வு பெற்றவர்கள் என்று கலந்த கூட்டம். முதலில் ஊர்ப் பெரியவர்களையும் பூசாரியையும் பார்த்து அனுமதி கேட்போம், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கல்லுக்கு அருகே போவோம். அது அவர்களுடைய சாமி, நாங்கள் விருந்தாளிகள், இதில் மாற்றுக் கருத்தே கிடையாது. பூசாரி சரி என்றால் தண்ணீர் ஊற்றி, மெத்தென்ற நாரால் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கை மெதுவாக எடுப்போம். கம்பி பிரஷ் கூடாது, ஆசிட் கூடவே கூடாது. உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. சாயங்காலம் நாலரை ஐந்து மணிக்கு வெயில் சாய்வாக விழும்போது, அதுவரை வெறும் கல்லாக இருந்த இடத்தில் வரி வரியாக எழும்பும். மரநிழலில் இருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும்.

அப்புறம் படியெடுப்பது. பயிற்சி உள்ளவர் ஒருவர் கூட இருந்தால் மட்டும் செய்வோம். அதற்கென்று உள்ள தாளைத் தண்ணீரில் நனைத்துக் கல்லின் மேல் சுருக்கம் இல்லாமல் ஒட்டி, பிரஷால் தட்டிக்கொண்டே வர வேண்டும். தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கி உட்காரும். ஓரளவு காய்ந்ததும் துணிப்பந்தில் மையைத் தொட்டு ஒற்றினால் தாள் முழுக்கக் கருப்பாகி, பள்ளத்தில் இறங்கிய எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். பிள்ளைகள் மூச்சுப் பிடித்துப் பார்ப்பது இந்த நேரத்தில்தான். வட்டெழுத்தில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், எ, ஏ இரண்டுக்கும் வேறுபாடு காட்ட மாட்டார்கள், அதனால் க-வா க்-ஆ என்று அங்கேயே சண்டை நடக்கும். நல்ல சண்டை அது.

எல்லாம் முடிந்ததும் ஊரைக் கூப்பிட்டு, அந்தக் கல்லின் முன்னாலேயே அதைச் சத்தமாகப் படித்துக் காட்டுவோம். குழு செய்கிற வேலைகளிலேயே முக்கியமானது இதுதான் என்று நான் நினைக்கிறேன். கருத்தரங்கமும் கண்காட்சியும் வேண்டும்தான், ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பொங்கல் வைத்துக் கும்பிட்டவர்களுக்கு அந்தக் கல்லில் இருப்பது என்ன என்று தெரியாமல், பட்டணத்து மண்டபத்தில் நாங்கள் மட்டும் கட்டுரை படித்தால் அது நியாயமில்லை. ஒரு ஊரில் படித்து முடித்தபோது ஒரு பாட்டி கேட்டார், "மாட்ட மீக்கப் போயி செத்துட்டான், சரி. அவன் பொண்டாட்டி புள்ளைங்க கதி என்னாச்சு?" அந்தக் கல்லில் அதற்குப் பதில் இல்லை. ஆனால் வேறு சில கற்களில் இருக்கிறது. இறந்தவன் வீட்டுக்கு நிலம் விட்டிருக்கிறார்கள், நெத்தோர்பட்டி, உதிரப்பட்டி என்றெல்லாம் அதற்குப் பெயர். ரத்தம் சிந்தியதற்காகக் கொடுத்த நிலம். அதைச் சொன்னதும் பாட்டி, "அது செஞ்சாதான் ஊரு" என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன்.

இந்தக் கற்களை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விடலாமே, பத்திரமாக இருக்குமே என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கல் இத்தனை நூற்றாண்டு தப்பியதே ஊர் அதைக் கும்பிட்டதால்தான். அவன் மாட்டை மீட்ட காடு எது, எந்த வழியில் விழுந்தான் என்பதெல்லாம் கல் நிற்கிற இடத்தில்தான் இருக்கிறது, தூக்கினால் பாதி வரலாறு போய்விடும். நிலத்தைச் சமப்படுத்த ஜேசிபி வந்து நிற்கிறது, சாலையை அகலப்படுத்துகிறார்கள், கேட்பாரில்லாமல் குப்புறக் கிடக்கிறது என்றால் மட்டும் அருங்காட்சியகம் சரி.

ஆபத்து எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். பக்தியோடு செய்வதிலேயே பாதி வருகிறது. கல்லுக்கு எனாமல் பெயிண்ட் அடித்துக் கண் மீசை வரைந்துவிட்டால் எழுத்துப் பள்ளம் அடைந்துபோகும். கோயில் கட்டுகிறோம் என்று தரையை உயர்த்தி டைல்ஸ் போடும்போது கல்லின் கீழ்ப்பாதி சிமெண்டுக்குள் போய்விடும். பழைய கோயில் சுவர்களில் மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுத்தம் செய்வதால் எழுத்தே தேய்ந்துபோன இடங்கள் உண்டு. மறு பாதி புதையல் ஆசை. நடுகல்லுக்கு அடியில் தங்கம் இருக்கிறது என்று எவனோ கிளப்பிவிட, ராத்திரியோடு ராத்திரியாகத் தோண்டிக் கல்லை உடைத்துப் போடுகிறார்கள். ஐயா, அங்கே தங்கம் கிடையாது. மாடு மேய்த்தவனுக்கு அவன் ஊர் நட்ட கல் அது. மண்ணுக்குள்ளிருந்து பழம்பொருள் எதுவாவது கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே போட்ட புதையல் சட்டம் இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. ஊர் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொன்னால் போதும், செய்தி மேலே போய்விடும்.

இன்னொன்றும் இருக்கிறது, கொஞ்சம் சங்கடமான விஷயம். எழுத்தைப் படித்த மறுநாளே, இந்த வீரன் எங்கள் ஆள், எங்கள் சாதி என்று போஸ்டர் ஒட்டுகிறவர்கள் வருகிறார்கள். கல் அவன் பெயரைச் சொல்கிறது, அவன் யாரிடம் இருந்தான், எதற்காக இறந்தான் என்று சொல்கிறது. இன்றைக்கு நாம் எழுதிக்கொள்கிற சாதிப் பெயரை அது சொல்லாவிட்டால் நாமும் சொல்லக் கூடாது. இதில் எங்கள் குழுவுக்கு நெருக்கடி வந்ததுண்டு, இனியும் வரும், அதற்காகப் படித்ததை மாற்றிச் சொல்ல முடியாது. அதே போல, செய்தித்தாளில் குழுவின் பெயரும் படமும் வரும்போது, கல் இருக்கிற இடத்தைக் காட்டிய ஆடு மேய்க்கிறவர் பெயர் விட்டுப்போகக் கூடாது. அவர் காட்டாவிட்டால் நாங்கள் அந்த முள்ளுக்குள் போயே இருக்க மாட்டோம்.

கல் மட்டும்தான் வரலாறா என்றால் இல்லை. பழைய கோயில் திருவிழா நோட்டீஸ், பத்திரம், சந்தைக் கணக்கு, தெருக்கூத்து ஜமா எடுத்துக்கொண்ட போட்டோ, எல்லாமே வேண்டும். பரணில் இருப்பதைப் போகிப் பண்டிகையில் கொளுத்துவதற்கு முன்னால் எங்களிடம் ஒருமுறை காட்டுங்கள், போட்டோ எடுத்துக்கொண்டு அப்படியே திருப்பித் தந்துவிடுவோம்.

உங்கள் நிலத்திலோ ஊர் எல்லையிலோ இப்படிக் கல் இருந்தால், சாய்ந்த வெயிலில் செல்பேசியில் நாலு பக்கமும் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து ஒரு படம், தூரத்திலிருந்து இடம் தெரிகிற மாதிரி ஒரு படம். சுண்ணாம்பு தடவ வேண்டாம், சுரண்டவும் வேண்டாம். பக்கத்தில் வரலாற்றுக் குழுவோ தொல்லியல் துறை அலுவலகமோ அருங்காட்சியகமோ எது இருக்கிறதோ அங்கே காட்டுங்கள். பிள்ளைகளுக்குக் கல்வெட்டு படிக்க ஆசை இருந்தால் எடுத்தவுடன் வட்டெழுத்தில் இறக்கிவிடாதீர்கள், மிரண்டுவிடுவார்கள். உள்ளூர்ச் சிவன் கோயில் அதிட்டானத்தில், அதாவது சுவருக்குக் கீழேயுள்ள அடித்தளத்தில், சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு இருந்தால் அதில் தொடங்கலாம். "ஸ்வஸ்திஸ்ரீ" என்பதைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் பென்சிலால் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தால், க, ட, ப, ம எல்லாம் சீக்கிரமே பிடிபட்டுவிடும். சில மாதம் விடாமல் செய்தால் வட்டெழுத்துக்கு வரலாம், அப்போது எங்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்புங்கள். தொப்பியும் தண்ணீர்ப் பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டை அந்தந்த ஊர்க்காரர்களே போட்டுவிடுகிறார்கள்.

நன்றி, வணக்கம்.