கட்சிகள் மேல் கோபம் இருந்தால் ஓட்டை என்ன செய்வது?

[திரையில்: பள்ளி வகுப்பறை, மேசையில் பதிவேடு, மை பாட்டில்]

வணக்கம். 2011 சட்டமன்றத் தேர்தல். எங்கள் ஊர் தொடக்கப் பள்ளி வாக்குச்சாவடி. அப்பா பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, விரலில் மை வைத்துக்கொண்டு, "நான் யாருக்கும் போடலை. 49-ஓ" என்றார். யாருக்கும் ஓட்டுப் போட விருப்பமில்லை என்று பூத்தில் பதிவு செய்ய அப்போது இருந்த தேர்தல் விதி அது. ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பூத் ஏஜென்டுகள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தலைமை அலுவலர் 17ஏ பதிவேட்டில் அப்பாவின் பெயருக்கு நேராகக் குறிப்பு எழுதி, அதன் பக்கத்தில் இன்னொரு கையெழுத்து வாங்கினார். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. கொஞ்ச நாளைக்கு இரண்டு கட்சிக்காரர்களும் எங்கள் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"ரெண்டு பேருமே ஒண்ணுதான், நான் எதுக்கு ஓட்டு போடணும்?" என்று இன்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு அப்பா ஞாபகம்தான் வரும். அந்தக் கோபம் நியாயமானது. அதை எங்கே காட்டினால் என்ன நடக்கும் என்பதுதான் இந்த வீடியோ.

முதலில், வீட்டிலேயே இருந்துவிடுவது. 2021 தேர்தலில் சென்னை மாவட்டத்தில் பதிவானது 59 சதவீதம். மீதி 41 சதவீதத்தில் யார் யார் இருப்பார்கள்? சொந்த ஊருக்குப் போனவர், காய்ச்சலில் படுத்தவர், இறந்தும் பட்டியலில் பெயர் நீக்கப்படாதவர், லீவு கிடைத்ததென்று தூங்கியவர். உங்கள் கோபமும் அந்தக் கும்பலில்தான் கலக்கும். அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது. அதே தேர்தலில் தியாகராய நகர் தொகுதி வெறும் 137 ஓட்டு வித்தியாசத்தில் முடிந்தது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

[திரையில்: வாக்கு இயந்திரத்தின் கடைசி பட்டன்]

சரி, 'இவர்களில் யாருக்கும் இல்லை' என்று சொல்லும் நோட்டா? அப்பாவுக்கு நடந்ததுபோல ரகசியம் வெளியே போவது தப்பு என்றுதான் மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2004-இல் உச்ச நீதிமன்றம் போனது. யாரும் வேண்டாம் என்பதையும் ரகசியமாகச் சொல்ல இயந்திரத்தில் ஒரு பட்டன் வேண்டும் என்று 2013 செப்டம்பர் 27-இல் தீர்ப்பு வந்தது. அமர்வுக்குத் தலைமை வகித்தவர் அப்போதைய தலைமை நீதிபதி பி. சதாசிவம், நம் ஈரோடு மாவட்டத்துக்காரர். அந்த டிசம்பரிலேயே ஏற்காடு இடைத்தேர்தலில் நோட்டா பட்டன் வந்துவிட்டது.

ஆனால் அந்த பட்டனுக்குப் பல் கிடையாது. 2014-இல் நீலகிரியில் நோட்டா 46,559 ஓட்டு வாங்கி மூன்றாம் இடத்துக்கு வந்தது. 2024-இல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் மனுவை வாபஸ் வாங்கிவிட, 2,18,674 பேர் நோட்டா அழுத்தினார்கள். முடிவில் ஒரு மாற்றமும் இல்லை. எல்லோரையும்விட நோட்டா அதிகம் வாங்கினாலும், சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் அடுத்து நிற்கும் வேட்பாளர்தான் ஜெயித்தவர்.

பலருக்குத் தெரியாத ஒன்று டெபாசிட் கணக்கு. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காத வேட்பாளருக்கு டெபாசிட் போய்விடும். அந்தக் கணக்கில் நோட்டாவைச் சேர்ப்பதே இல்லை. நீங்கள் வெயிலில் வரிசையில் நின்று போட்ட நோட்டாவால் ஒருவருடைய டெபாசிட்டைக்கூட அசைக்க முடியாது. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. மகாராஷ்டிரா, ஹரியானா உள்ளாட்சித் தேர்தல்களில் நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தல் என்று 2018-இல் விதி போட்டார்கள். மற்ற தேர்தல்களுக்கும் அது வர வேண்டும்.

அப்புறம் மூன்றாவது வழி: ஜெயிக்காத சின்னக் கட்சிக்கோ, சுயேச்சைக்கோ போடுவது. இதைத்தான் வீணான ஓட்டு என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது செல்லுபடியான ஓட்டு, டெபாசிட் கணக்கில் ஏறும். ஒரு கட்சி மாநிலத்தில் 8 சதவீத ஓட்டு வாங்கினால், ஒரு இடம்கூட ஜெயிக்காவிட்டாலும் மாநிலக் கட்சி அங்கீகாரம் கிடைக்கும். 2024 தேர்தலுக்குப் பிறகு நாம் தமிழர் கட்சிக்குக் கிடைத்தது இந்தக் கணக்கில்தான். அந்தக் கட்சி பிடிக்கும், பிடிக்காது என்பது வேறு விஷயம். தோற்ற ஓட்டுக்கும் சட்டத்தில் எடை உண்டு என்று காட்டத்தான் சொல்கிறேன்.

அதனால் நான் கேட்பது இதுதான். நோட்டாவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் உங்கள் தொகுதி வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களைத் தேர்தல் ஆணையத் தளத்தில் திறந்து பாருங்கள். வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதில் இருக்கும். பெரிய கட்சிப் பெயர்களைத் தாண்டி, பதினேழாவது, பதினெட்டாவது பெயர் வரை இறங்கிப் பாருங்கள்.

[திரையில்: மை வைத்த விரல்]

2016-இல் அப்பாவுக்கு அந்தத் தாள்களை நான்தான் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பூத்திலிருந்து வெளியே வந்ததும், "நோட்டாவாப்பா?" என்று கேட்டேன். "இல்ல, ஒரு ஆளுக்குத்தான் போட்டேன்" என்றார். யாருக்கென்று இன்று வரை சொல்லவில்லை.