ஆணியடித்த கைகளால் என்ன செய்ய முடியும்?

அன்பான சகோதர சகோதரிகளே,

இரட்சிப்பைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் பவுலின் நிருபங்களைத்தான் முதலில் திறப்பார்கள். நானும் பவுலிடம் வருவேன். ஆனால் மனிதன் தேவனுக்குமுன் நீதிமானாவது தன் கிரியைகளால், அதாவது தன் செயல்களால் அல்ல, விசுவாசத்தால் என்று அவர் அதிகாரம் அதிகாரமாக வாதிட்டு நிறுவியதை, லூக்கா தம் சுவிசேஷத்தின் 23ஆம் அதிகாரத்தில் ஐந்தே வசனங்களில் கண்முன் நிறுத்திவிடுகிறார். இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனைச் சொல்கிறேன்.

அவனைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். கையும் காலும் அசையாது. திருடியதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. ஆலயத்துக்குப் போய்ப் பலி செலுத்த முடியாது. ஞானஸ்நானம் பெற முடியாது. தான் கெடுத்தவர்களின் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்க முடியாது. இனி ஒரு நாளாவது ஒழுங்காக வாழ்ந்து காட்டலாம் என்றால் அதற்கும் நேரமில்லை. மத்தேயுவும் மாற்கும் எழுதியதைப் பார்த்தால், தொடக்கத்தில் இவனும் மற்றவனோடு சேர்ந்து இயேசுவை நிந்தித்தவன்தான். அவனிடம் மிஞ்சியிருந்தது நாவு ஒன்றே. அந்த நாவால் அவன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். பிறகு, "ஆண்டவரே, நீர் உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது அடியேனை நினைத்தருளும்" என்றான். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று பதில் வந்தது.

இது நியாயமா என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? தோன்ற வேண்டும். இயேசு சொன்ன ஓர் உவமையில், திராட்சத்தோட்டத்தில் காலையிலிருந்து வெயிலில் உழைத்தவர்கள், கடைசி ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் அதே ஒரு பணம் கூலியா என்று முறுமுறுத்தார்களே, அந்த முறுமுறுப்பு நமக்குள் ஒருமுறையேனும் எழாவிட்டால், தகுதி பாராமல் தேவன் தரும் கிருபை என்பதை நாம் இன்னும் காதில் வாங்கவே இல்லை.

இப்போது இன்னோர் உவமையில், ஆலயத்தில் ஜெபிக்கப் போன பரிசேயனை, வேதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் அந்த மனிதனைப் பாருங்கள். அவனைப் பொய்யன் என்று நினைத்துவிடுகிறோம். இயேசு அப்படிச் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு தரம் உபவாசித்தது உண்மை. தசமபாகம் கொடுத்ததும் உண்மை. "தேவனே, உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்றுதான் அவன் ஜெபத்தையே தொடங்குகிறான். ஆக, நன்றி சொல்லிக்கொண்டேகூடத் தன் நற்கிரியைகளின்மேல் சாய்ந்து நிற்க முடியும்! எனக்கு இந்த உவமையில் மிகவும் பயமூட்டுவது இந்த இடம்தான். தூரத்தில் நின்ற ஆயக்காரனோ, அதாவது வரி வசூலிப்பவனோ, சாய்வதற்கு எதுவும் இல்லாமல், "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று மார்பில் அடித்துக்கொண்டான். நீதிமானாக்கப்பட்டு வீடு திரும்பியவன் அவன்தான்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. கிரியைகளால் அல்ல, விசுவாசத்தால் என்று கற்றுக்கொண்டவர்கள் பலர், அந்த விசுவாசத்தையே ஒரு கிரியையாக மாற்றிக்கொள்கிறார்கள். "என் விசுவாசம் போதுமா? இன்னும் அழுத்தமாக நம்பியிருந்தால் தேவன் என்னை ஏற்றுக்கொண்டிருப்பாரோ?" என்று தங்களையே தோண்டித் தோண்டிப் பார்த்து வாடிப்போகிறார்கள். கையேந்துவதை யாரும் சம்பாத்தியம் என்று சொல்வதில்லை; விசுவாசம் அப்படி ஏந்திய கை. கொடுக்கிறவர் பெரியவராக இருந்தால் நடுங்குகிற கையிலும் ஈவு வந்து விழும். மாற்கு 9ஆம் அதிகாரத்தில் தன் மகனைக் குணமாக்கக் கேட்டு இயேசுவிடம் வந்த அந்தத் தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கதறினான். அரைகுறை விசுவாசம்தான். மகன் குணமாகிவிட்டான்.

சரி, பவுலுக்கு வருவோம். ரோமர் 4ஆம் அதிகாரத்தில் அவர் ஆபிரகாமை அழைத்து நிறுத்துகிறார். "அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்" என்பது ஆதியாகமம் 15ஆம் அதிகாரம். உடன்படிக்கையின் அடையாளமாகிய விருத்தசேதனம் வருவது 17ஆம் அதிகாரத்தில், ஆபிரகாமின் 99ஆவது வயதில். மகன் இஸ்மவேல் பிறந்தபோது அவருக்கு வயது 86. விசுவாசித்ததோ அதற்கும் முன்னால். அப்படியானால் பதின்மூன்று வருஷத்துக்கு மேலாக, எந்த அடையாளமும் இல்லாமல், ஆபிரகாம் நீதிமானாகவே இருந்திருக்கிறார். மோசே வழியாக நியாயப்பிரமாணம் வந்தது நூற்றாண்டுகள் கழித்து. அவர் நீதிமானாக எண்ணப்பட்டது விருத்தசேதனத்துக்கு முன்பா, பின்பா என்று பவுல் கேட்கும் கேள்விக்கு எதிர்வாதம் கிடையாது.

ஆனால் தம் நிருபத்தில் யாக்கோபும் இதே ஆபிரகாமைத்தான் அழைக்கிறார். கிரியைகளினாலே நீதிமானாக்கப்பட்டான் என்கிறார். இந்த முரண் கண்டுதான் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1522இல் தம் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பின் முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்று எழுதினார். அவரிடம் எனக்குப் பெருமதிப்பு உண்டு; அந்த இடத்தில் அவர் அவசரப்பட்டார் என்பதே என் எண்ணம். யாக்கோபு சுட்டுவது ஆதியாகமம் 22, ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய நாள். விறகைத் தானே சுமக்கிற வயதுக்கு ஈசாக்கு வளர்ந்துவிட்டான். பவுல் வேரைத் தொட்டுப் பேசுகிறார், யாக்கோபு பல வருஷங்களுக்குப் பிறகு கனியைப் பார்த்துப் பேசுகிறார். அவர் சாடுவது வாயளவில் மட்டும் நிற்கும் விசுவாசத்தை. பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று அவர் எழுதியது சும்மா அல்ல.

சபை வரலாற்றில் இந்த உபதேசத்துக்காக நடந்த சண்டைகளை நான் விரிக்கப் போவதில்லை. ஒன்று மட்டும். மனிதன் தன் முயற்சியாலேயே தேவனுக்குமுன் நீதிமானாகலாம் என்று எந்தப் பெரிய சபையும் போதிக்கவில்லை. 1547இல் லூத்தரின் போதனையை எதிர்த்த கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கமே, கிருபையில்லாமல் சொந்தச் செயல்களால் நீதிமானாகலாம் என்ற கருத்தைத் தன் முதல் விதியிலேயே கண்டித்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன்களும் கத்தோலிக்கரும் இதே பொருளில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் நானூறு வருஷத்துக்கு மேல் ஒருவரையொருவர் சபித்தவர்கள், கிருபையே முதல் என்று சேர்ந்து சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல்.

அப்படியானால் நற்கிரியைகள் எதற்கு? எபேசியர் 2இல் 8, 9ஆம் வசனங்களை மனப்பாடமாகச் சொல்கிற நாம் 10ஆம் வசனத்துக்கு முன் நிறுத்திவிடுகிறோம். நற்கிரியைகளைச் செய்கிறதற்கென்றே கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அங்கே இருக்கிறது. இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய ஆயக்காரர் தலைவன் சகேயுவைப் பாருங்கள். அவன் திருந்திவிட்டு மரத்தைவிட்டு இறங்கவில்லை. "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்ற அழைப்புதான் முதலில் வந்தது. அதன்பிறகே ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு என்கிறான். அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்கிறான். தன் பாவத்தை அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்பது எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தின் சட்டம். இயேசு அவனிடம் எந்தத் தொகையும் கேட்டதாக லூக்கா எழுதவில்லை. "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று அவர் சொன்னபோதும் பாதிச் சொத்தைக் காரணமாகக் காட்டவில்லை. "இவனும் ஆபிரகாமுக்குக் குமாரனாயிருக்கிறானே" என்றார்.