பள்ளி இணையதளத்தின் சாவி யாரிடம்?

வணக்கம், நேயர்களே. பள்ளிக்கு ஒரு இணையதளம் வேண்டும் என்று முடிவானதும் நிர்வாகக் குழுவில் முதலில் எழும் கேள்வி, எவ்வளவு செலவாகும் என்பதுதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. நாளை இந்தத் தளத்தை விட்டுப் போக நினைத்தால், எதையெல்லாம் கையோடு எடுத்துக்கொண்டு போக முடியும்?

2001இல் வந்த ட்ரூபல், 2003இல் வந்த வேர்ட்பிரஸ், 2005இல் வந்த ஜூம்லா மூன்றும் இணையதளம் கட்டப் பயன்படும் திறமூல மென்பொருள்கள். யாரும் இலவசமாக இறக்கி, தேவைக்கேற்ப மாற்றிப் பயன்படுத்தலாம். தளத்தைத் தன் சர்வரில், அதாவது எப்போதும் இணையத்தோடு இணைந்திருக்கும் கணினியில், வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனம் பிடிக்கவில்லையா, கோப்புகளையும் தரவுத்தளத்தையும் எடுத்துக்கொண்டு வேறொன்றுக்குப் போய்விடலாம். விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ் போன்றவை தனியுரிமைத் தளங்கள், அதாவது ஒரு நிறுவனத்துக்கே சொந்தமானவை. அங்கே மென்பொருள், சர்வர், பராமரிப்பு எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. பள்ளி சந்தா கட்டினால் போதும்.

கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே வேறு சர்வருக்கு மாற்ற வழியில்லை. ஸ்கொயர்ஸ்பேஸ் சில பக்கங்களை வேர்ட்பிரஸ் ஏற்கும் வடிவில் தரும். மற்றவற்றைப் புதிதாகத்தான் செய்தாக வேண்டும். நிறுவனமே கடையை மூடினால்? ஆசிரியர்கள் பலர் வகுப்புப் பக்கங்களை வைத்திருந்த விக்கிஸ்பேசஸ் சேவை 2018இல் மூடத் தொடங்கியது. அதற்கு முன், 2009இல், யாகூ தன் ஜியோசிட்டீஸ் என்ற இணையப்பக்கச் சேவையை மூடியபோது தனிமனிதர்கள் உருவாக்கிய எத்தனையோ பக்கங்கள் போயின. பள்ளியின் ஆண்டுவிழாப் படங்களும் பழைய மாணவர் மலர்களும் அந்தக் கதிக்கு ஆளாகக் கூடாது என்பது என் தீராத கவலை.

அப்படியானால் திறமூலமே சரி என்று முடித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். 2014 அக்டோபரில் ட்ரூபல் 7இல் கடுமையான பாதுகாப்புக் குறை ஒன்று வெளியானது. அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள் சரிசெய்யாத தளங்கள் ஊடுருவப்பட்டுவிட்டதாகவே கருதிக்கொள்ளுங்கள் என்று ட்ரூபலின் பாதுகாப்புக் குழுவே எச்சரித்தது. ஏழு மணி நேரம்! பாடம் நடத்திவிட்டு, விடைத்தாளும் திருத்திவிட்டு, நேரம் கிடைத்தால் இணையதளத்தைப் பார்க்கும் கணினி ஆசிரியரால் இதற்கு எப்படி ஈடுகொடுக்க முடியும்? அதே ட்ரூபல் 7க்கான ஆதரவு 2025 ஜனவரியில் முடிந்தது. அடுத்த பதிப்புக்குப் போவது சாதாரண அப்டேட் அல்ல, ஏறக்குறைய தளத்தையே திரும்பக் கட்டுகிற வேலை. மென்பொருள் இலவசம்தான். அதைப் பார்த்துக்கொள்ளும் உழைப்புக்கு யாராவது விலை கொடுத்தாக வேண்டும்.

வேர்ட்பிரஸில் 2013 முதல் சிறிய பாதுகாப்புத் திருத்தங்கள் தானாகவே நிறுவப்படுகின்றன. இது பெரிய ஆறுதல். ஆனால் கூடுதல் வசதிகளுக்காக அதில் சேர்க்கும் பிளக்இன் என்ற துணை மென்பொருள்களை எழுதுகிறவர்கள் வேறு வேறு ஆட்கள். பத்து பிளக்இன் போட்டால் பத்துப் பேரை நம்ப வேண்டும். பள்ளிக்கு அவ்வளவு எதற்கு? அறிவிப்பு, நாட்காட்டி, சேர்க்கை விவரம், படங்கள், தொடர்பு முகவரி. மதிப்பெண், வருகைப்பதிவு போன்ற மாணவர் விவரங்களைப் பொதுத் தளத்தில் வைக்கவே கூடாது. அவற்றுக்குத் தனிப் பாதுகாப்புள்ள ஏற்பாடு வேண்டும்.

என் விருப்பத்தைக் கேட்டால், திறமூல மென்பொருள், ஆனால் அப்டேட்டும் பேக்கப்பும் (தளத்தின் பாதுகாப்பு நகல்) பார்த்துக்கொள்ளும் ஹோஸ்டிங்கில். வேலைப்பளு குறையும், விட்டுப் போகும் உரிமையும் கையில் இருக்கும். அந்தக் கட்டணம் கட்டவும் வழியில்லை, கவனிக்கவும் ஆளில்லை என்றால் தனியுரிமைத் தளமே மேல். கவனிப்பாரற்ற வேர்ட்பிரஸ், சந்தா கட்டிய எளிய தளத்தைவிட ஆபத்தானது.

எதை எடுத்தாலும் டொமைன் பெயர், அதாவது தளத்தின் இணைய முகவரி, பள்ளியின் பெயரில்தான் பதிவாக வேண்டும். தளம் செய்து கொடுத்தவர் பெயரிலோ, ஆர்வத்தோடு முன்வந்த ஆசிரியர் பெயரிலோ வேண்டாம். அவர் மாறிப் போனபின் பாஸ்வேர்டைத் தேடி அலைவது பெரும்பாடு. பதிவுக்கான மின்னஞ்சலும் தனிநபருடையதாக இல்லாமல் அலுவலக மின்னஞ்சலாக இருக்கட்டும். குறைந்தது இரண்டு பேருக்கு அதைத் திறக்கத் தெரிந்திருக்கட்டும். அப்புறம், பருவத்துக்கு ஒருமுறை பேக்கப் எடுத்து, அதை வேறோர் இடத்தில் நிறுவி, தளம் உண்மையிலேயே திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தனியுரிமைத் தளமாக இருந்தால், கட்டுரைகளையும் படங்களையும் தனியே சேமித்து வையுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, வெளியேறும்போது எந்தெந்தக் கோப்புகளை எந்த வடிவில் தருவீர்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.